ஃபெட்ச் போதுமா, ஆக்சியோஸ் வேண்டுமா? எச்டிடிபி கிளையன்ட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஜாவாஸ்கிரிப்ட் பழகுபவர்கள் சர்வரிலிருந்து தரவை வாங்க வேண்டி வந்ததும், என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியம்) எந்த எச்டிடிபி கிளையன்ட், அதாவது சர்வருக்குக் கோரிக்கை அனுப்பிப் பதில் வாங்கும் லைப்ரரி, அதிகம் தரவிறக்கப்படுகிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அந்த எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். நோட் (ஜாவாஸ்கிரிப்ட்டைச் சர்வரில் இயக்கும் தளம்) நிரலாளர்களிடையே மிகப் பரவலாக இருந்த ‘ரிக்வெஸ்ட்’ லைப்ரரி 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்ட பிறகும், பழைய புராஜெக்ட்களின் வழியாகத் தரவிறக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

படி 1: உங்கள் நிரல் எங்கே இயங்குகிறது என்று பாருங்கள். இன்றைய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஃபெட்ச் உள்ளேயே இருக்கிறது. 2022இல் வந்த நோட் 18 முதல் சர்வர் பக்கத்திலும் அது கிடைக்கிறது. ஆகவே, எதையும் நிறுவாமலே தொடங்கலாம். ஆக்சியோஸ் தனியாக நிறுவ வேண்டிய லைப்ரரி.

படி 2: வேண்டுமென்றே தோற்கச் செய்து பாருங்கள். என்னைக் கேட்டால், தேர்வை முடிவு செய்ய வேண்டிய இடம் இதுதான். உங்கள் சர்வரிலுள்ள ஏபிஐ முகவரியில் (நிரல் தரவு கேட்கும் முகவரி) ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டி 404 (‘கேட்டது கிடைக்கவில்லை’ என்னும் பதில் எண்) வரவழையுங்கள். ஆக்சியோஸில் 200 முதல் 299 வரையிலான எண்கள் தவிர வேறு எது வந்தாலும், நீங்கள் எதையும் மாற்றாதவரை, அது பிழையாகி, பிழைகளைக் கையாளும் ‘கேட்ச்’ பகுதிக்குப் போய்விடும். ஃபெட்ச்சோ, பதில் என்று ஒன்று வந்துவிட்டால், அது 404 ஆனாலும் 500 (சர்வரின் உள்பிழை) ஆனாலும் வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும். பதிலின் ‘ஓகே’ பண்பை நீங்களே சோதிக்க வேண்டும். இது தெரியாமல் நான் எழுதிய ஒரு பதிவுப் படிவம், சர்வர் 500 அனுப்பிக்கொண்டிருந்தபோதும் பச்சை நிறத்தில் “சேமிக்கப்பட்டது” என்று காட்டிக்கொண்டிருந்தது. ஒரு பதிவுகூட டேட்டாபேஸில் ஏறவில்லை.

படி 3: காத்திருக்கும் நேரத்தைக் குறியுங்கள். ஆக்சியோஸின் டைம்அவுட் இயல்பாக 0, அதாவது வரம்பே இல்லை. மில்லி விநாடிக் கணக்கில் 5000 என்பதுபோல் நீங்கள்தான் தர வேண்டும். ஃபெட்ச்சில் அப்படியொரு அமைப்பே கிடையாது என்பதால், ‘அபார்ட்சிக்னல்’ வழியாகக் கோரிக்கையை நிறுத்த வேண்டும்.

படி 4: தேவையைக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு கோரிக்கையிலும் லாகின் டோக்கனைச் சேர்க்க வேண்டும், கோப்பு எத்தனை சதவீதம் பதிவேறியது என்று காட்ட வேண்டும் என்றால் ஆக்சியோஸ் உழைப்பை மிச்சப்படுத்தும். முதலாவதற்கு இன்டர்செப்டர்கள் (கோரிக்கை போகும்முன் அதை இடைமறித்து மாற்றும் ஃபங்ஷன்கள்) உண்டு, இரண்டாவதை ஃபெட்ச்சில் நேரடியாகச் செய்ய வழியில்லை. நான்கைந்து ஏபிஐ அழைப்புகள் மட்டுமே உள்ள புராஜெக்ட்டுக்கு ஃபெட்ச்சே போதும்.

படி 5: எதைத் தேர்ந்தாலும், அழைப்புகளை எல்லாம் ஒரே கோப்பிலுள்ள ஒரு ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள், நாளை லைப்ரரியை மாற்றினாலும் அந்தக் கோப்பைத் திருத்தினால் போதும். எழுதி முடித்ததும் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸிலுள்ள நெட்வொர்க் பகுதியில் ‘ஆஃப்லைன்’ தேர்ந்து, பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். பயனருக்குப் புரியும் பிழைச் செய்தி திரையில் வர வேண்டும்.