வயரிங் காண்ட்ராக்டர் மேல் புகாரா? செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் கிரைண்டரைத் தொட்ட அப்பத்தாவுக்குக் கையில் சுருக்கென்று அடித்தது. கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்து, லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டரைப் பிடித்து முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாவற்றுக்கும் புது வயரிங் இழுத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. போன் போட்டால், "அது பழைய லைன் கோளாறு அண்ணே, நம்ம வேலை சுத்தம்" என்றார். இரண்டு மாதம் போனிலேயே கத்திப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அதற்கப்புறம் ஒழுங்காகச் செய்த வேலையில் மூன்றே வாரத்தில் முடிந்தது. அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, ஆபத்தை நிறுத்துவது. ஷாக் அடிக்கிற சர்க்யூட்டின் எம்சிபியை (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானே விழும் சுவிட்ச்) இறக்கி அதன் மேல் டேப் ஒட்டுங்கள், வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி டிரிப் ஆனால், 'தொந்தரவு' என்று அதைத் தாண்டி நேராக லைன் கொடுக்க யாரையும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் காண்ட்ராக்டர் அனுப்பிய பையன் செய்தது அதைத்தான், அதனால்தான் அப்பத்தாவுக்கு அடித்தது. வீட்டுக்கு வைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி டிரிப் ஆகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது, இல்லையென்றால் இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் ஒன்றோடொன்று கலந்திருக்கிறது. அதைத் தேடிச் சரிசெய்ய வேண்டுமே தவிர ஆர்சிசிபியின் வாயை அடைக்கக் கூடாது. கோளாறு மீட்டருக்கு முன்னால், அதாவது கம்பத்திலிருந்து வரும் லைனில் என்றால் அது மின்வாரியத்தின் பொறுப்பு, அவர்களுடைய புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு அடியுங்கள். மீட்டர் தாண்டி வீட்டுக்குள் இருப்பது நம் பாடு. யாருக்காவது அடிபட்டாலோ உயிர் போனாலோ விஷயமே வேறு: 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவுப்படி அது மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டிய விபத்து. அங்கே எதையும் கழற்றித் துடைத்துவைக்காதீர்கள்.

எம்சிபியை இறக்கியாயிற்றா? சரி, இப்போது இன்னொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடத் தோன்றும். வேண்டாம். அவர் ஒரு வயரை மாற்றிவிட்டால், 'அவர் கை வைத்த பிறகுதான் கெட்டது' என்று சொல்ல முதல் ஆளுக்கு வழி கிடைத்துவிடும். முதலில் போட்டோ எடுங்கள். டிபி பாக்ஸ் (எம்சிபிகள் எல்லாம் இருக்கும் பெட்டி) உள்பக்கம், எம்சிபி மேல் எழுதியிருக்கும் ஆம்பியர், வயர் மேல் அச்சடித்த அளவு, எல்லாம் வேண்டும். (மெயினை இறக்காமல் டிபி மூடியைத் திறக்காதீர்கள். இறக்கினாலும் மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். பழக்கமில்லை என்றால் தெரிந்தவரை வைத்துத் திறக்கச் சொல்லி நீங்கள் எட்ட நின்று எடுங்கள்.)

அடுத்தது காகிதம். கொட்டேஷன், பில், பணம் அனுப்பிய ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு, எலக்ட்ரிகல் கடை பில், எல்லாவற்றையும் ஒரு கவரில் சேருங்கள். கொட்டேஷனே வாங்கவில்லையா? நம் ஊரில் பாதி வேலை வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது, கூச்சப்படாதீர்கள். என்ன பேசினீர்கள், எப்போது எவ்வளவு கொடுத்தீர்கள் என்று தேதிவாரியாக இன்றைக்கே உட்கார்ந்து எழுதுங்கள். லைசென்ஸ் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். காண்ட்ராக்டர் லைசென்ஸ் வேறு, சூப்பர்வைசர் தகுதிச் சான்று வேறு, வயர்மேன் தகுதிச் சான்று வேறு. வயரிங்கைச் சோதித்ததாகத் தரும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர், வீட்டுக்கு வந்து சுவரைக் கொத்தியவர் வேறொருவர் என்பது சாதாரணமாக நடக்கிறது. கையெழுத்துப் போட்டவர் யார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் பேசும்.

இப்போது முக்கியமான இடம். 'பழைய லைன்' என்ற வாதத்தை எப்படி உடைப்பது? நம் வீடுகளில் இந்த வாதம் முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். தேக்குச் சட்டத்தில் ஓடும் அந்தக் காலத்து வயரிங், பீங்கான் ஃபியூஸ், மழையில் ஓடு ஒழுகி ஊறிய சுவர், இதெல்லாம் இருக்கிற வீட்டில் புது வயரைக் கொண்டுபோய்ப் பழைய வயரோடு எங்கோ ஓர் அறையில் முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். அதனால் வாயால் சண்டை போட்டுப் பயனில்லை, அளந்து பார்க்க வேண்டும்.

வேலையில் சம்பந்தப்படாத, தகுதிச் சான்று உள்ள ஒரு சூப்பர்வைசரை அழைத்து, பழைய லைனைப் புதிதிலிருந்து பிரித்துவிட்டு, சர்க்யூட் சர்க்யூட்டாக மெக்கர் (வயரின் இன்சுலேஷன் தாங்குகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெக்கரில் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும், நல்ல புது வயரிங் அதைவிடப் பல மடங்கு காட்டும். எங்கள் வீட்டில் பழைய லைனைப் பிரித்த பிறகும் சமையற்கட்டு சர்க்யூட் 0.2தான் காட்டியது. அதோடு கிரைண்டர் பிளக்கின் எர்த் வயர் டிபிக்கு வந்து, எங்கேயும் சேராமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இந்த அளவுகளைத் தேதி போட்டு, கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்குங்கள். முடிந்தால் காண்ட்ராக்டரையும் அன்றைக்கு வரச்சொல்லி மெசேஜ் அனுப்புங்கள். வராவிட்டாலும் கூப்பிட்டதற்குச் சாட்சி இருக்கும்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது டிரிப் ஆனதும் "பார்த்தீங்களா, எர்த் நல்லாயிருக்கு" என்பார்கள். அந்தப் பட்டன் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் காட்டும், எர்த்தே இல்லாத வீட்டிலும் அது டிரிப் ஆகும். எர்த்தை எர்த் டெஸ்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் காய்ந்த செம்மண்ணில் சித்திரை வைகாசியில் எர்த் குழி வறண்டு ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும், மழைக்காலத்தில் மட்டும் அளந்து திருப்திப்படாதீர்கள். அப்படியே வயர் அளவையும் எம்சிபியையும் சேர்த்துப் பாருங்கள். ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்று பேசிவிட்டு 2.5 இழுத்து, அதற்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டிருந்தால் வயர் சூடாகி உருகும்வரைகூட எம்சிபி விழாமல் இருக்கலாம்.

அளவு கையில் வந்ததும் கடிதம். வக்கீல் நோட்டீஸ் வேண்டியதில்லை. நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

"தாங்கள் இன்ன தேதியில் எங்கள் வீட்டில் முடித்துக்கொடுத்த வயரிங்கில் கீழ்க்கண்ட மூன்று குறைகள் உள்ளன. பரிசோதனை அறிக்கை நகல் இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இவற்றைத் தங்கள் செலவில் சரிசெய்து, மறுபரிசோதனை அளவுகளைக் கையெழுத்துடன் தர வேண்டும். பாக்கித் தொகையை இந்தக் குறைகளுக்காக மட்டுமே நிறுத்தி வைத்துள்ளேன், வேலை முடிந்த அன்றே தருகிறேன்."

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல் போடுங்கள். திட்டாதீர்கள். பாக்கியை எதற்காக நிறுத்தினீர்கள் என்று எழுதாமல் சும்மா இழுத்தடித்தால் குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள். கொத்திப் பாழாக்கிய முட்டைச் சுண்ணாம்புச் சுவரையும் குறைகளில் சேருங்கள். அதைச் சிமெண்ட் வைத்துப் பூசித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பழைய சுண்ணாம்புப் பூச்சோடு சிமெண்ட் ஒட்டாது, சுற்றியிருப்பதையும் பெயர்த்துவிடும்.

கடிதத்துக்கும் மசியவில்லை என்றால், லைசென்ஸ் பற்றிய புகார் சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்துக்கு. அங்கே லைசென்ஸுக்கு ஆபத்து வரலாம், உங்கள் பணம் திரும்பி வராது. பணம் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து பாருங்கள், சில சமயம் அதிலேயே சமாதானமாகும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். காரைக்குடி, பள்ளத்தூர்ப் பக்கம் என்றால் சிவகங்கை, கோனாபட்டு, ராயவரம் பக்கம் என்றால் புதுக்கோட்டை, வீடு இங்கே இருந்தாலும் நீங்கள் சென்னைவாசி என்றால் சென்னை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

இதில் நம் வீடுகளுக்கே உரிய இரண்டு முடிச்சுகள் உண்டு. வீடு பத்துப் பங்காளிகளுக்குப் பொது என்றால், காண்ட்ராக்டரிடம் பேசிப் பணம் கொடுத்தவர் பெயரில் புகார் போவது நல்லது, மற்றவர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டை ஹோட்டலாக நடத்துகிறீர்கள் என்றால் 'வணிக நோக்கம், நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு கிளம்பும். பிழைப்புக்காகத் தானே நடத்தும் சிறு தொழிலுக்குச் சட்டத்தில் இடம் உண்டு, பெரிய முதலீடு என்றால் வக்கீலைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. கடிதம் போய்ப் பத்தாம் நாள் ஆளே நேரில் வந்தார். சமையற்கட்டு சர்க்யூட்டை முழுக்க மாற்றி, எர்த்தைச் சேர்த்து, சுண்ணாம்புக் கொத்தனார் கூலியில் பாதியை ஏற்றுக்கொண்டார். மெக்கர் அளவைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் பாக்கியை எண்ணி வைத்தேன். பணத்தை எடுக்கப் போனவரை அப்பத்தா நிறுத்தி, "இருப்பா, முதல்ல நீ அந்தக் கிரைண்டரைத் தொடு" என்றார்கள்.