சபாட்டிகல் எடுத்தவர்கள் கோட்டை விடும் இடங்கள்

வேலையை விடாமல் ஆறு மாதம் சம்பளமில்லா நீண்ட விடுப்பு (சபாட்டிகல்) எடுத்தேன். முதல் மாதம் முழுக்க சித்தப்பா பையனின் கல்யாணப் பத்திரிகை வைப்பதிலேயே போயிற்று. "நீதான் சும்மா இருக்கியே, ஒரு நடை வந்துட்டுப் போலாம்" என்று சித்தி ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொள்வார். மடியில் மஞ்சள் பை, கையில் குங்குமச் சிமிழ். தாம்பரம் முதல் அம்பத்தூர் வரை ஒரு வீடு விடவில்லை. அப்புறம் கேஸ் சிலிண்டருக்குக் காத்திருப்பது, அம்மாவின் கண் பரிசோதனை, அபார்ட்மென்ட் தண்ணீர்த் தொட்டி கழுவும்போது கூட நிற்பது. எல்லாமே அரை நாள் வேலைதான். சோம்பலால் நான் இழந்த நாட்கள் ரொம்பக் குறைவு.

வீட்டில் 'லீவு' என்று சொன்னதுதான் தப்பு. இரண்டாவது மாதம் 'கிளாஸ்' என்று சொல்லிவிட்டு, தினமும் காலையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விட்டேன். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனி இடம் உண்டு. சொன்னது பொய்தான். ஆனால் கிளாஸுக்குப் போகிறவரை யாரும் சிலிண்டருக்குக் காவல் வைப்பதில்லை.

நிஜமாகவே வகுப்பில் சேர நினைத்தால் தேதியைப் பாருங்கள். ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் ஜனவரி, ஜூலை என்று இரண்டு பருவங்களாக நடக்கின்றன. 4, 8, 12 வாரம் என்று பல அளவுகளில் இருக்கும். நான் அக்டோபரில் விடுப்பைத் தொடங்கினேன். ஜூலை வகுப்புகள் அப்போது முடியும் தறுவாயில் இருந்தன.

பணத்தில் பலரும் மறப்பது மருத்துவக் காப்பீடு. சம்பளம் இல்லாத மாதங்களில் கம்பெனியின் குழுக் காப்பீடு தொடருமா, பெற்றோருக்கும் சேர்த்தா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். தொடராது என்றால் புது பாலிசியை விடுப்புக்கு முந்தின கடைசி வாரத்தில் வாங்கிப் பயனில்லை. பொதுவாக முதல் 30 நாட்களுக்கு விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்பு 3 ஆண்டுகள் வரை போகலாம். வீட்டுக் கடன் இருந்தால் விடுப்பு மாதங்களுக்கான மொத்த இ.எம்.ஐ.யையும் முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி வாராக்கடன் என்று எழுதிவிடும். பி.எஃப்.பில் கை வைக்க வேண்டாம். தொடர்ச்சியான சர்வீஸ் 5 ஆண்டு முடியாதவர்களுக்கு எடுத்த பணத்துக்கு வரியும் வரலாம்.

திரும்பும் தேதி, அதே பதவி இரண்டும் கடிதமாக, சொந்த மின்னஞ்சலுக்கு வரட்டும். விடுப்பில் இருக்கும்போது கம்பெனி உங்கள் ஆபீஸ் லாகினை மூடிவிடக்கூடும். எனக்கு "பார்த்துக்கலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்ன மேனேஜர், நான் திரும்புவதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புது மேனேஜரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது.

ஊர் சுற்றுவதைக் கடைசிக்குத் தள்ளினது நான் செய்த இன்னொரு தப்பு. ஞாயிறு இரவு ரயிலை விட்டு இறங்கி, திங்கள் காலை ஐ.டி. கார்டைத் தேடி வீட்டையே கவிழ்த்தேன். குங்குமம் சிந்திய அந்த மஞ்சள் பையின் அடியில் கிடந்தது.