செம்பருத்தியா, இட்லிப்பூவா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வாசல் பக்கம் நாலடி இடம் இருக்கிறது, செம்பருத்தி வைக்கலாமா இட்லிப்பூ வைக்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டு பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறதா? படிகிறது என்றால் அது தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு, பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது. பூவின் அழகைப் பார்த்துச் செடி வாங்குகிறோம், ஆனால் செடி வாழப்போவது நம் போர் தண்ணீரிலும் நம் வீட்டு மண்ணிலும்தான்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். காம்பவுண்டுச் சுவர் பூசி முடித்த கையோடு, சுவரை ஒட்டி வரிசையாகப் பன்னிரண்டு இட்லிப்பூச் செடிகள் வைத்தேன். நர்சரியில் பார்த்தபோது இலை கரும்பச்சையாகப் பளபளத்தது. மூன்று மாதத்தில் புது இலையெல்லாம் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. உரம் போதவில்லை என்று நினைத்து உரமாகக் கொட்டினேன், இன்னும் மோசமானது. அப்புறம் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேருக்கடியில் கொத்தனார் கொட்டிவிட்டுப் போன சிமென்ட் கலவைக் கட்டிகள்.

இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் வேண்டும். காபிச் செடியும் இதுவும் ஒரே குடும்பம், மலைச்சரிவுச் செம்மண்ணில் ஏன் அவ்வளவு செழிப்பாக நிற்கிறது என்று இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். சிமென்டாலோ தண்ணீராலோ சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. அதனால்தான் மஞ்சள் புது இலையில் வருகிறது. பழைய இலை மட்டும் மஞ்சளானால் அது வேறு கதை, தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், இல்லை இலைக்கு வயதாகியிருக்கலாம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். செடி வைக்கப்போகும் இடத்தில் அரையடி ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக் காயவைத்து, மேலே கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். பொசபொசவென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அந்த இடத்தில் செம்பருத்தியே வைத்துவிடுங்கள். அதுவும் லேசான புளிப்பு மண்ணைத்தான் விரும்பும், ஆனால் இட்லிப்பூ அளவுக்கு முரண்டு பிடிக்காது, கொஞ்சம் கடினத் தண்ணீரையும் சகித்துக்கொள்ளும். உப்புக் கரிக்கும் தண்ணீர் என்றால் இரண்டுமே சிரமப்படும்.

எனக்கு இட்லிப்பூதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் தொட்டியில் வையுங்கள், மண் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு போதும். இலை வெளிறினால் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கிடைக்கும், உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்று கேளுங்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, கால் மூடி எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் இறங்கியபின் இலையில் தெளியுங்கள், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. டைல்ஸில் பட்டால் துருக்கறை போகவே போகாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காபித் தூள் போட்டால் மண் புளிப்பாகும் என்று சொல்கிறார்களே என்றால், புளிப்பு பெரும்பாலும் டிகாஷனோடு இறங்கி நம் வயிற்றுக்குப் போய்விடுகிறது. மிஞ்சிய சக்கையை மக்கவைத்துப் போடலாம், இதற்கு மருந்தாக அது ஆகாது.

சரி, செம்பருத்தியில் தொல்லையே இல்லையா? இருக்கிறது, மாவுப்பூச்சி. நுனிக் கொழுந்து சுருண்டு, பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக இருக்கும், கூடவே எறும்பு வரிசை கட்டும். பூச்சி கக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைப் பாதுகாக்கிறது, அதனால் எறும்பு ஏறுகிறதே என்று அலட்சியமாக விடாதீர்கள். சுருண்ட நுனியை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், அங்கேயே கீழே போட்டால் மறுபடி ஏறும். மீதிச் செடியின் இலைக்கு அடியில் படும்படி குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கிச் சாயங்காலம் தெளியுங்கள். ஒரு முறையோடு நிறுத்தினால் பயனில்லை, வாரம் ஒன்றாக மூன்று வாரம்.

கடும் விஷ மருந்துக்கு உடனே போகாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாக அழித்தது, செம்பருத்தியையும் விடவில்லை. மருந்தடித்து அடக்க முடியாததைக் கடைசியில் அடக்கியது, 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட, கண்ணுக்கே சரியாகத் தெரியாத குட்டி ஒட்டுண்ணிக் குளவிகள். கண்டபடி விஷம் அடித்தால் பூச்சிக்கு முன்னால் சாவது அந்த மாதிரிக் குளவிகளும் பொறிவண்டுகளும்தான்.

மொட்டு உதிர்வது இன்னொரு புலம்பல். தொட்டிச் செம்பருத்தியில் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம், இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக விடுவது. கோடையில் தொட்டிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் தரையில் வைத்துவிடுங்கள்.

இனி பூ. செம்பருத்தி காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டுவிடும், ஒட்டுக்கட்டிய சில கலப்பு ரகங்கள் மட்டும் இன்னொரு நாள் தாங்கும். தினமும் சாமிக்குப் பறிக்கிற வீட்டுக்கு இதுதான் சரி, நாளைக்கு வேறு பூ இருக்கும். இட்லிப்பூவில் ஒரு கொத்து விரிந்தால் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும், வாசலில் எப்போதும் நிறம் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இது.

வெட்டுவதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். செம்பருத்தி புதுக்கிளையில் பூக்கும், ஆகையால் வெட்ட வெட்டப் பூ. தை கடைசியில் குளிர் விட்டதும் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள், ஒரே நாளில் மொட்டையடிக்காமல் பாதிக் கிளைகளை இன்று, மீதியை மூன்று வாரம் கழித்து என்று செய்தால் பூ இல்லாத நாளே வராது. இட்லிப்பூ அப்படியில்லை. அதன் மொட்டு கிளையின் நுனியில் உட்கார்ந்திருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரிய கத்தரியால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெட்டி மாதிரிச் சதுரமாக வெட்டுகிறார்களே, வரப்போகிற பூவையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு இந்தச் செடி ஏன் பூக்கவில்லை என்று கேட்கிறார்கள். கொத்து வாடியதும் அதற்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுங்கள், அவ்வளவுதான்.

வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நாட்டுச் சிவப்புச் செம்பருத்திக்குக் காசே செலவழிக்க வேண்டாம், பக்கத்து வீட்டில் பென்சில் கனத்தில் அரையடிக் குச்சி கேட்டு வாங்கி மழைக்காலத்தில் ஊன்றினால் ஒன்றரை மாதத்துக்குள் வேர்பிடிக்கும். இட்லிப்பூக் குச்சி பிடிக்க நாளாகும், பாதி பொய்க்கும், நர்சரியில் வாங்குவதே மேல். செம்பருத்திக்கு நாலடி இடைவெளி, குட்டை ரக இட்லிப்பூவை வேலியாக வைத்தால் ஒன்றரை அடி. இரண்டுக்கும் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும், நிழலில் இலைதான் மிஞ்சும்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இரண்டுமே பயமில்லை, அரளி மாதிரி விஷம் கிடையாது. இட்லிப்பூவின் காம்பை உருவித் தேன் உறிஞ்சாத பிள்ளை உண்டா? அந்தக் காலத்தில் ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய வெட்சிதான் இது, நாம்தான் இட்லியாக்கிவிட்டோம்.

என் பன்னிரண்டில் பிழைத்தவை மூன்று. மூன்றையும் தொட்டிக்கு மாற்றி, ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறேன், அதில் சுண்ணாம்பு இல்லை. மழைக்காலத்தில் மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்துக்கொள்கிறேன். சுவரோரம் இப்போது செம்பருத்தி நிற்கிறது, அந்த சிமென்ட் கட்டிகளைப் பொறுக்கி எடுக்க மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.