ஏர் ஃபில்டர் மாற்றினால் வண்டி இழுக்குமா? கொத்தனார் டியூப்பை வைத்துப் பாருங்கள்

என் அக்கா மகன் ஆன்லைனில் 5000 ரூபாய்க்கு ஒரு காட்டன் ஏர் ஃபில்டர் வாங்கி, தன் பெட்ரோல் ஸ்விஃப்டில் மாட்டிக்கொண்டு, உச்சிப்புளியிலிருந்து நேரே மண்டபத்துக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "மாமா, வண்டி பிச்சுக்கிட்டுப் போகுது. அஞ்சு குதிரை பவர் கூடும்னு அட்டையிலயே போட்டிருக்கான்." நானும் இருபது வருடமாகச் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். புது சாமான் மாட்டிய அன்றைக்கு எந்த வண்டியும் பிய்த்துக்கொண்டுதான் போகும். சரி, அளந்து பார்த்துவிடுவோம் என்றேன்.

எஞ்சின் பவரை அளக்கும் டைனோ மெஷினைத் தேடி அலைய வேண்டாம். பக்கத்துத் தெருக் கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் தெளிந்த டியூப் இருக்கும். ஐந்து மீட்டர் போதும். ஒரு மீட்டர் பலகையில் அதை 'ப' எழுத்து மாதிரி வளைத்துக் கட்டி, இரு பக்கமும் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு சொட்டு நீலம் விட்டால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நடுவில் ஸ்கேல் ஒட்டுங்கள்.

ஒரு முனை திறந்தே இருக்கட்டும். மறுமுனை ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில், சுத்தக் காற்று போகும் பக்கம் சேர வேண்டும். ஃபில்டர் உட்காரும் பெட்டியான உங்கள் ஏர் பாக்ஸ் மூடியை ஓட்டை போட்டுக் கெடுக்காதீர்கள். பழைய பார்ட்ஸ் கடையில் அதே மாடல் மூடி கிடைக்கும். அதில் துளை போட்டு, டியூப்பைச் செருகி, சுற்றிலும் எம்-சீல் அப்புங்கள். டியூப் பானெட் ஓரமாக வந்து ஜன்னல் வழியே உள்ளே போகட்டும். பலகை பக்கத்து சீட்காரர் மடியில், நிமிர்ந்தபடி. எஞ்சின் விட்டு விட்டு உறிஞ்சுவதால் தண்ணீர் துள்ளும். குளுக்கோஸ் பாட்டில் டியூப்பில் வரும் உருளையை நடுவில் மாட்டி லேசாக இறுக்கினால் அடங்கிவிடும்.

இனி மூன்றாவது கியரில் முழு மிதி. அரை மிதியில் அளந்து பயனில்லை. அப்போது காற்றைத் தடுப்பது மிதிக்குத் தக்கபடி திறக்கும் த்ராட்டில் தகடுதான், ஃபில்டர் அல்ல. உடன் இருப்பவர் பலகையை போனில் வீடியோ எடுக்கட்டும். ஒரு பக்கம் ஏறியதை மட்டும் பார்த்துவிடாதீர்கள், இரண்டு மட்டத்துக்கும் நடுவே உள்ள முழு வித்தியாசம்தான் கணக்கு; அது கூடினால் ஃபில்டரின் தடை அதிகம். முதல் தடவை நாங்களே பாதியை எழுதிவைத்து ஏமாந்தோம்.

எங்களுக்கு வந்தது இது: தூசி படிந்த பழைய பேப்பர் ஃபில்டர் 11 செ.மீ., புதுப் பேப்பர் ஃபில்டர் 7, காட்டன் 6.

இதைக் குதிரையாக மாற்றுவது சுலபம். சங்கு குளிக்கிறவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. பத்து மீட்டர் ஆழம் இறங்கினால், மேலே நம்மைச் சுற்றி இருக்கும் காற்றின் அழுத்தம் எவ்வளவோ, அவ்வளவு இன்னொரு மடங்கு உடம்பின் மேல் கூடும். அதாவது ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 1030 செ.மீ. தண்ணீருக்குச் சமம். அப்படியானால் 10 செ.மீ. தடை என்பது நூற்றில் ஒன்று. டர்போ இல்லாத எஞ்சினில் பவரும் ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் குறையும். புதுப் பேப்பருக்கும் காட்டனுக்கும் வித்தியாசம் 1 செ.மீ. 85 குதிரை வண்டியில் அது ஒரு குதிரையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, வால் முடி என்று வைத்துக்கொள்ளலாம். ஃபில்டரையே கழற்றி எறிந்தாலும் 5 குதிரை வர வழியில்லை.

மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்க்க வேண்டுமாம். தனுஷ்கோடி ரோடு வேண்டாம் என்றேன். அங்கே ரோட்டின் மேல் மணல் ஏறிக்கிடக்கும், ஆட்களும் குறுக்கே வருவார்கள். தேவிபட்டினம் தாண்டி உப்பூர் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விடியற்காலை, ஆள் இல்லாத நேர் ரோட்டில் 40-லிருந்து 80 வரை மட்டும். ஏசி அணைத்து, அதே இரண்டு பேர், அதே அளவு பெட்ரோல். ஒரு ஆள் கூட ஏறினாலே ஃபில்டர் கணக்கெல்லாம் அடிபட்டுப் போகும். போகும்போது மூன்று, திரும்பும்போது மூன்று. ஆனி, ஆடியில் சோழகக் காற்று அடிக்கும்போது ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் நீங்கள் அளப்பது காற்றை.

வரிசைதான் முக்கியம்: பேப்பர், காட்டன், மறுபடி அதே பேப்பர். எது உள்ளே இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூடாது. எங்கள் சராசரி 8.9 நொடி, 8.7 நொடி, கடைசியில் 8.6. முதல் இரண்டோடு நிறுத்தியிருந்தால் மருமகன் ஊரெல்லாம் சொல்லியிருப்பான். பேப்பரே மூன்றாவது சுற்றில் முந்தியதும் வாயை மூடிக்கொண்டான். கை பட்டனை அழுத்தும் பிசகே அந்த வித்தியாசத்துக்குப் போதும்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் போகும் காற்று 28 டிகிரியிலிருந்து 34 ஆனால் அதன் அடர்த்தி நூற்றுக்கு இரண்டு குறையும். எங்கள் மூன்று ஃபில்டரும் சேர்ந்து காட்டிய வித்தியாசத்தைவிட அது நாலு மடங்கு. பெட்டியே இல்லாத கூம்பு ஃபில்டர் வாங்க நினைப்பவர்கள், வண்டி கம்ப்யூட்டரின் அளவுகளை போனுக்கு அனுப்பும் ஓபிடி அடாப்டர் மாட்டி உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை போனில் பாருங்கள். அமாவாசைக் கூட்டத்தில் ராமேஸ்வரத்துக்குள் ஊர்ந்து போகும்போது அது உறிஞ்சுவது எஞ்சின் பக்கத்துச் சூட்டைத்தான். சத்தம் மட்டும் பிரமாதமாக இருக்கும்.

நம் கடற்கரைக்கு நான் முக்கியமாக நினைப்பது கடைசிச் சோதனை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயின் உட்புறத்தை வெள்ளை வேட்டித் துணியால் துடைத்து, துணியை விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மணல் உள்ளே போகிறது. ஓரம் சரியாக உட்காரவில்லை அல்லது ஃபில்டர் விடுகிறது, எப்படியும் கழற்றிவிடுங்கள். பிசுக்கென்று எண்ணெய் ஒட்டினால், கழுவிய காட்டனுக்கு எண்ணெய் அதிகம் விட்டிருக்கிறீர்கள். காற்றை அளக்கும் சென்சார் கம்பியில் அது படிந்தால் அளவு தப்பும். மருமகன் துணியில் இரண்டும் இருந்தது. 400 ரூபாய்ப் பேப்பருக்கே திரும்பிவிட்டான்.

முடிந்ததும் பழைய மூடியை மாட்டி, டியூப்பை நன்றாகக் கழுவிக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் நீலத்தோடு கொடுத்துக் கொத்தனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.