டர்பனில் கிறிஸ்துமஸ் கள்ளி வளர்ப்பது எப்படி?

கிறிஸ்துமஸ் கள்ளி என்ற பெயரை நம்பி டிசம்பர் முழுவதும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஏமாற்றந்தான் மிஞ்சும். இரவு நீண்டு குளிர் தொடங்கும்போது மொட்டு விடும் செடி இது. வடகோளத்தில் அந்தப் பருவம் ஆண்டின் இறுதியில் வருகிறது, தென்கோளத்தில் இருக்கும் நமக்கோ சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வருவதால் மே, ஜூன் மாதங்களில்தான் இங்கே பூக்கிறது. இதன் உறவான ஈஸ்டர் கள்ளியும் அவ்வாறே பருவம் மாறி, புரட்டாசி விரத நாட்களில் பூத்து நிற்கும்.

கள்ளி என்றதும் பாலைவனத்தை நினைக்க வேண்டாம். தென்கிழக்குப் பிரேசிலின் கடலோர மலைக்காடுகளில், மரக்கவட்டிலும் பாறை இடுக்கிலும் சேரும் மக்கில் வேரூன்றி நிழலில் வளர்வது இது. ஆகவே தொட்டி மண் இரண்டு பங்கு, மக்கிய பைன் மரப்பட்டை ஒரு பங்கு, பெர்லைட் (நீர் தேங்காமல் வடிய உதவும் இலேசான வெண்கல் துகள்) அல்லது பருமணல் ஒரு பங்கு கலந்து, அடியில் துளையுள்ள சிறிய தொட்டியில் நட்டு, காலை வெயில் மட்டும் படும் கிழக்கு ஜன்னலருகே வைக்கலாம். தண்டு செந்நிறமானால் பெரும்பாலும் வெயில் அதிகம் என்று பொருள்.

விரலை மண்ணில் ஓர் அங்குலம் நுழைத்துப் பார்த்து, ஈரம் தட்டாவிட்டால் மட்டுமே தண்ணீர் ஊற்றுங்கள். தண்டு சுருங்கினால் உடனே குவளையைத் தூக்காதீர்கள். மண் ஈரமாக இருந்தும் சுருங்கினால் வேர் அழுகியிருக்கும். டர்பனின் புழுக்கமான கோடையில் நான் இழந்த செடிகளெல்லாம் அப்படித்தான் போயின.

பூப்பதற்கு இருட்டுதான் முக்கியம். மார்ச் இறுதியிலிருந்து ஏறத்தாழ ஆறு வாரம், நாள்தோறும் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் தடையில்லாத இருள் வேண்டும். இரவுக் குளிர் 10 முதல் 15 பாகை செல்சியஸ் வரை இறங்கினால் இருள் சற்றுக் குறைந்தாலும் மொட்டு வரும். ஆனால் கடலோரத்தில் ஏப்ரலில் அந்தக் குளிரை எதிர்பார்க்க முடியாது. ஓர் ஆண்டு தொலைக்காட்சி இருக்கும் கூடத்தில் வைத்திருந்த என் செடியில் ஒரு மொட்டுக்கூட வரவில்லை. மறு ஆண்டு மாலை ஆறு மணிக்கே விளக்கேற்றாத பின்னறைக்கு மாற்றினேன், நுனிதோறும் அரிசி மணியளவில் சிவப்பு அரும்புகள் தெரிந்தன. மின்வெட்டால் இந்தச் செடிக்கு மட்டும் நன்மையே.

அரும்பு கண்ணில் பட்டபின் தொட்டியைத் திருப்பவோ இடம் மாற்றவோ கூடாது, மண்ணை முற்றிலும் காயவிடவும் கூடாது. தவறினால் மொட்டுகள் உதிர்ந்துவிடக்கூடும்.

பூத்து ஓய்ந்ததும் சில வாரம் தண்ணீரைக் குறையுங்கள். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் ஒருமுறை, பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு உரம் போதும். பதியன் வேண்டுவோர் செப்டம்பரில் தொடங்கும் வசந்தத்தில் இரண்டு மூன்று கணு உள்ள நுனித் துண்டைக் கத்தியின்றித் திருகி எடுத்து, வெட்டுவாய் காய ஓரிரு நாள் நிழலில் வைத்து, அடிக்கணுவில் பாதி புதையுமாறு ஊன்றினால் சில வாரங்களில் வேர் பிடித்துவிடும்.