எழுத்தாளர் நாள் நடத்தப் போகிறீர்களா? மண்டபத்துக்கு முன்னால் வீடுகளுக்குப் போங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில் மூன்று முறை எழுத்தாளர் நாள் நடத்தியிருக்கிறேன். புத்தகம் போடாதவர்களும் தங்கள் கதையை வாசிக்கிற நாள் அது. எப்படிச் செய்வது என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் முறை மண்டபத்தைப் பிடித்துவிட்டு ஆட்களைத் தேடினேன். அது தப்பு. ஏற்கெனவே புத்தகம் போட்டவர்கள்தான் வந்தார்கள். யாருக்காக விழாவோ அவர்கள் நோட்டீஸைப் பார்த்து வரமாட்டார்கள். "நான் எழுத்தாளர் இல்லையே, அக்கா" என்பார்கள். அதனால் நான்கு மாதம் முன்பே வீடு வீடாகப் போய்விடுங்கள்.

போனதும் கதை கேட்காதீர்கள். "பழைய காகிதம் ஏதாவது இருக்கா ஆயா?" என்று கேளுங்கள். எண்பத்து நான்கு வயது ஆயா ஒருவர் பிஸ்கட் டின்னிலிருந்து தன் பாட்டியின் கல்யாணப் பத்திரத்தை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. பேருக்குப் பக்கத்தில் ஒரு எண். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒவ்வொருவருக்கும் இங்கே கொடுத்த எண் அது. அதை வைத்துக் கப்பல் பட்டியலில் தேடினால் தகப்பன் பேர், வயது, தாலுகா, ஊர், உடம்பிலிருந்த தழும்புகூடக் கிடைக்கும். எண்ணை விரலால் தொட்டபடியே ஆயா பேச ஆரம்பித்தார். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் வருடத்துக் குழுப் பகுதிச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனரில் விட்டுவந்த வீடு, அதன் மாமரம், அம்மா கடைசி நாளும் வாசல் பெருக்கியது என்று நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை.

போனில் பதிவுசெய்து, அவர் சொன்னபடியே தட்டச்சு செய்யுங்கள். தமிழும் இங்கிலீஷும் கலந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். திருத்தினால் அது உங்கள் எழுத்தாகிவிடும். அப்புறம் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்றதை அடித்துவிடுங்கள். தலைப்புக்குக் கீழே அவர் பேர்தான் வர வேண்டும்.

மண்டபத்துக்கோ நூலகத்துக்கோ கடிதம் எழுதும்போது தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கெஞ்ச வேண்டியதில்லை.

தேதியில் கவனம் வேண்டும். புரட்டாசியில் வீடே விரதத்தில் இருக்கும். ஈஸ்டருக்குப் பாதிப் பேர் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடுவார்கள். ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பலான ட்ரூரோ வந்த நவம்பர் 16 பொருத்தம்தான், ஆனால் அன்று எல்லாச் சங்கமும் கூட்டம் வைக்கும். நான் ஜூலையை எடுப்பேன்: மழை குறைவு, பள்ளிக்கும் லீவு.

பக்கத்து உம்லாசியிலிருந்து ஜூலு எழுத்தாளர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். தொடக்கப் பாட்டுக்கு மட்டும் என்றால் அது அவமரியாதை. ஒரு பெரிய விழாவில் தமிழர்களான எங்களையும் அப்படித்தான் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மேடை ஏற்றினார்கள், இன்னும் வலிக்கிறது. எல்லோருக்கும் பன்னிரண்டு நிமிடம், அவரவர் மொழியில், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். சிறப்பு விருந்தினர் உரை வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். கரன்ட் போகும், பேட்டரி ஸ்பீக்கர் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு, கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி போட்ட ‘பன்னி சௌ’ போதும்.

வாசித்ததையெல்லாம் சிறு புத்தகமாக்குங்கள். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள ம்சுண்டூசி நூலகம் சட்டப்படி நூல்களைச் சேமிக்கும் இடம், அங்கே ஒரு பிரதி போனால் அந்த ஆயாவின் பேர் பட்டியலில் ஏறிவிடும். மற்றப் பிரதிகளைத் தபாலில் அனுப்பாதீர்கள். நேரில் கொண்டுபோங்கள், கண் தெரியாதவர்களுக்கு அவர்கள் பக்கத்தை உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.