லா காலேஜ் தேடும் பெற்றோருக்கு: எட்டு வருடக் கணக்கு போடுங்கள்

எங்கள் வீட்டில் கறுப்புக் கோட்டு போட்டவர் ஒருவரும் கிடையாது. பிளஸ் டூ பாதியில் பெண் "லா படிக்கப் போறேன்" என்றதும் எங்கே ஆரம்பிப்பது என்றே எனக்குப் புரியவில்லை. ஒரு வருடம் விசாரித்து அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம். எல்லோரும் ஐந்து வருட ஃபீஸைக் கூட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், நாங்களும் அப்படித்தான் செய்தோம், தெரிந்த வக்கீல் ஒருவர்தான் "அப்புறம் மூணு வருஷத்துக்கு யார் சோறு போடுவா?" என்று கேட்டார். படித்து முடித்ததும் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்து தொழில் பழக வேண்டும். படிப்பு ஐந்து, இது மூன்று, ஆக எட்டு வருடம். ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000, பெரிய நகரங்களில் 20,000 ரூபாய் கொடுக்கவேண்டும் என்று 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது உண்மைதான், ஆனால் கையில் வருவது சேம்பருக்குச் சேம்பர், அதாவது வக்கீல் ஆபீஸுக்கு ஆபீஸ், மாறும். ஜட்ஜ் ஆகவேண்டும் என்று பிள்ளை சொன்னாலும் இதே கதைதான்: சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆக, கடன் வாங்கிப் பெரிய இடத்தில் சேர்த்தால், ஜூனியராக இருக்கும் காலத்திலேயே இஎம்ஐ கழுத்தை நெரிக்கும், கோர்ட்டுக்குப் போக ஆசைப்பட்ட பிள்ளை வேறு வழியில்லாமல் கம்பெனி வேலைக்குப் போகும். கம்பெனி வேலைதான் வேண்டும் என்றால் அது வேறு கணக்கு, அதற்குத் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் பெயர் நிஜமாகவே உதவும்.

அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். 120 கேள்வி, 2 மணி நேரம், தப்புக்குக் கால் மார்க் போகும், முழுக்க ஆங்கிலம். தேர்வு டிசம்பரில் வருவதால் விண்ணப்பத் தேதி பல வீடுகளில் காலாண்டுப் பரீட்சைக் களேபரத்தில் கண்ணில் படாமலே போய்விடுகிறது, பதினொன்றாம் வகுப்பிலேயே விசாரித்து வையுங்கள். திருச்சி நாவலூர்குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் கிளாட் வழியாகத்தான், அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தனி இடங்கள் உண்டு. டெல்லிக்கு மட்டும் ஐலெட் என்று தனித் தேர்வு. இந்தத் தேசியப் பல்கலைக்கழகங்களில் ஹாஸ்டலோடு சேர்த்தால் வருடத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் எடுத்து வைக்கவேண்டும்.

அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அதன் கீழ் வரும் அரசு சட்டக்கல்லூரிகளுக்கும் நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மார்க்தான். சென்னையில் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளிக்கு அரசுக் கல்லூரியைவிட ஃபீஸ் கூடுதல், போட்டியும் கூடுதல். பிள்ளைக்கு லாவில் அரைமனசுதான் என்று பட்டால் அவசரப்படாதீர்கள், பிடித்த டிகிரி ஒன்றை முடித்துவிட்டு மூன்று வருட லா சேரலாம், ஒரு வருடம்தான் அதிகம்.

தனியார் கல்லூரி என்றால், லா படிப்புக்கு அனுமதி கொடுக்கும் இந்திய பார் கவுன்சிலின் பட்டியலில் கல்லூரி பெயர் மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் சேர்க்கும் கோர்ஸுக்கும் அந்த வருடத்துக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். "அனுமதிக்கு விண்ணப்பித்துள்ளோம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தபாலில் லா என்றால் பேச்சே வேண்டாம், அதை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது.

அப்புறம், கல்லூரியை நேரில் பார்க்கப் போகிறீர்களா, அட்மிஷன் மேளா நடக்கும் நாளில் போகாதீர்கள். ஒரு சாதாரண புதன்கிழமை, பதினோரு மணிக்குப் போங்கள். நாங்கள் போன ஒரு கல்லூரியின் புத்தகத்தில் மூட் கோர்ட் ஹால், அதாவது பிள்ளைகள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம், பளபளவென்று இருந்தது. நேரில் கேட்டபோது சாவி யாரிடம் என்று தேடவே இருபது நிமிடம் ஆனது, திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்தன, ஜட்ஜ் மேஜை மேல் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் சுருட்டிக் கிடந்தது. என் பெண் ஒன்றும் பேசவில்லை, வெளியே வந்து பஸ் ஏறினாள். வாசல் டீக்கடையில் நான்காம் வருடப் பிள்ளைகளிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: வகுப்பு நிஜமாக நடக்கிறதா, தீர்ப்புகள் தேடும் ஆன்லைன் தளத்துக்குப் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறார்களா, இன்டர்ன்ஷிப் கல்லூரி பிடித்துத் தருகிறதா அல்லது நீங்களே தேடுகிறீர்களா. ஐந்து வருடத்தில் குறைந்தது 20 வாரம் இன்டர்ன்ஷிப் செய்யவேண்டும் என்பது விதி, கையெழுத்து மட்டும் வாங்கி ஓட்டுகிற இடங்களும் இருக்கின்றன.

கடைசியாக, பக்கத்தில் கோர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை சட்டக்கல்லூரி ஒரு காலத்தில் ஹைகோர்ட் வளாகத்திலேயே இருந்தது, இப்போது அதன் இடத்தில் வந்தவை புதுப்பாக்கத்திலும் பட்டரைபெரும்புதூரிலும் இருக்கின்றன, அங்கிருந்து சாயங்காலம் சேம்பருக்குப் போய் வருவது லேசில்லை. நாங்கள் மதுரையை எடுத்ததற்குக் காரணமே மாவட்ட கோர்ட்டும் ஹைகோர்ட் கிளையும் அங்கேயே இருப்பதுதான். "தேசியப் பல்கலைக்கழகம் கிடைக்கலியா?" என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். பெண் இப்போது இரண்டாம் வருடம், வாரம் இரண்டு நாள் ஒரு சீனியர் ஆபீஸில் கேஸ் கட்டுகளை எடுத்து வைக்கிறாள், மிச்சப்பட்ட ஃபீஸ் அவள் பெயரில் பேங்கில் எஃப்டியாக இருக்கிறது, அந்த மூன்று வருடத்துக்கு.